விண்மீன் வேதியியலும் பால்வழியின் வரலாறும்

ஆமத்தூர், சிவகாசி வட்டாரத்து மத்தாப்பில் சிவப்பைத் தருவது ஸ்ட்ரான்சியம் உப்பு. பச்சையைத் தந்துவந்தது பேரியம் உப்பு. ஒவ்வொரு தனிமத்துக்கும் தனக்கே உரிய ஒளி உண்டு. விண்மீன்களிலுள்ள தனிமங்களையும் அவற்றின் ஒளியைப் பிரித்தே அறிகிறோம்.

1920-இல் மேகநாத் சாகா வகுத்த அயனியாக்கச் சமன்பாடு இதற்கு வழி திறந்தது. அதைக் கொண்டு 1925-இல், 25 வயது ஆய்வாளர் சிசிலியா பெய்ன், விண்மீன்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜனே எனக் கண்டார். மூத்த வானியலாளர் ஹென்றி ரசல் அதை ஏற்கவில்லை. அந்த அளவு உண்மையாக இராது என ஆய்வேட்டிலேயே பெய்ன் எழுத நேர்ந்தது. 1929-இல் ரசலும் அதே முடிவுக்கு வந்தார்.

இரும்பு போன்ற தனிமங்கள் விண்மீன்களில் உருவாகி, அவை வெடித்து மடியும்போது விண்வெளியில் கலக்கின்றன. ஆகவே இரும்பு மிகக் குறைந்த விண்மீன்கள் பெரும்பாலும் மூத்தவை; பால்வழியின் தொடக்கக் காலத்தை அவற்றில் படிக்கலாம். விண்மீன்களின் வேதியியலை ஆராயும் பணியில் தமிழ்நாட்டின் காவலூரிலுள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியும் பயன்படுகிறது.