புளிப்பின் அளவுகோல்

கோபன்ஹேகன் நகரில் யாகோப்சென் என்னும் பீர் ஆலை அதிபர், தமது தொழிலுக்கு விஞ்ஞானத்தின் துணை இன்றியமையாதது என்று கருதி 1875-ஆம் ஆண்டில் நிறுவிய கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்துக்கு, அங்கே கண்டறியப்படும் முக்கியமான எதையும் இரகசியமாகப் பூட்டி வைத்தலாகாது என்றொரு விதியையும் ஏற்படுத்தினார். இலாபத்தையே நாடும் வியாபார உலகில் இது சாமானியமான காரியமன்று. அக்கூடத்தில் பிறந்த, புளிப்பைக் குறிக்கும் பிஎச் என்ற அளவு இன்று உலகத்தாருக்கெல்லாம் பொதுவாய் இருப்பதைக் காணும்போது அந்த உதார குணத்தை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

1901-இல் அக்கூடத்தின் இரசாயனப் பகுதிக்குத் தலைமை ஏற்ற ஸோரன்சென் ஒரு குடியானவரின் புதல்வர். சர்க்கரையைப் பிளக்கும் இன்வர்டேஸ், இரைப்பையில் புரதத்தைச் செரிக்கச் செய்யும் பெப்சின் முதலிய நொதிகளை ஆராய்ந்த அவர், கரைசலின் புளிப்பு சற்றே பிறழ்ந்தாலும் அவற்றின் வேலை தளர்ந்துபோவதைக் கண்டார். ஆனால் அப்புளிப்பைக் கணக்கிடுவது எங்ஙனம்? காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும்வரை எவ்வளவு செலவாயிற்று என்று பார்க்கும் பழைய முறை, அமிலத்தின் கையிருப்பைச் சொல்லுமேயன்றி அதன் உக்கிரத்தைச் சொல்லாது. ஒரே செறிவில், பத்தில் ஒரு பங்கு நார்மலாகக் கரைத்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் காடியின் அமிலமும் சம அளவு காரத்தையே கேட்கும்; எனினும் அவற்றில் உலவும் ஹைட்ரஜன் அயனிகளை எண்ணினால், முன்னதில் இருப்பது பின்னதில் உள்ளதைப்போல் ஏறக்குறைய எழுபத்தைந்து மடங்கு. பரணில் அடுக்கிய விறகு வேறு, அடுப்பில் கனலும் தழல் வேறு. நொதிகள் அறிவது தழலைத்தான்.

அத்தழலை அளக்க, கரிய பிளாட்டினத் துகள் படிந்த பிளாட்டினத் தகட்டைக் கரைசலில் அமிழ்த்தி, ஹைட்ரஜன் வாயுவைக் குமிழி குமிழியாகச் செலுத்தி, அங்கே எழும் நுண்ணிய மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஒத்த நிறங்காட்டிகளையும் அவர் பொறுமையோடு தேர்ந்தெடுத்தார். கிடைத்த எண்களோ எழுதக் கூசுபவை: தூய நீர் ஒரு லிட்டரில் ஹைட்ரஜன் அயனி 0.0000001 கிராம். இந்தச் சுழியங்களின் வரிசையை விடுத்து, பத்தின் எதிர் அடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, பி என்ற எழுத்தின் அடியில் ஹைட்ரஜனைக் குறிக்கும் எச் என்பதைச் சிறிதாக இட்டு, 1909-இல் அவர் உலகுக்கு அளித்ததுதான் இந்தப் பிஎச் அளவு. நீருக்கு ஏழு, ஒரு படி இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறும். அமிலம் மிக மிக எண் குறைவது மாணவரைத் திகைக்க வைப்பதன் காரணமும் இந்த எதிர் அடுக்கே.

ஆனால் இவ்விரு வழிகளும் எல்லா இடத்தும் பலிக்கவில்லை: கந்தக டை ஆக்சைடு சேர்த்துப் பாதுகாத்த எலுமிச்சைச் சாற்றில் நிறங்காட்டியின் சாயம் வெளுத்துப்போயிற்று. ஹைட்ரஜன் மின்முனையும் கெட்டது. கலிபோர்னியாவில் இந்த இடரோடு வந்த கல்லூரித் தோழர் ஒருவருக்காக, ஆர்னால்டு பெக்மன் என்னும் இரசாயன அறிஞர் 1934-இல், மெல்லிய கண்ணாடிக் குமிழை மின்முனையாகக் கொண்டு, அதன் வழியே வரும் அற்ப மின்சாரத்தை ரேடியோவின் வால்வுகளால் பெருக்கும் கருவியைச் செய்து கொடுத்தார். மறு ஆண்டில் அது மரப்பெட்டிக்குள் அடங்கி, கைப்பிடியைப் பற்றித் தூக்கிச் செல்லும் சாதனமாக விற்பனைக்கு வந்தது.