நம்ம மாவட்டத்துக் கோட்டை: பூநகரி



கோட்டை என்றதும் நம் பிள்ளைகள் யாழ்ப்பாணத்தையும் காலியையும் சொல்கிறார்கள். கிளிநொச்சி மாவட்டத்திலேயே ஒன்று நிற்பது பலருக்குத் தெரியாது.

பூநகரிக் கோட்டையைக் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய அவர்களுக்கு, வன்னியிலிருந்து கடல்நீரேரியைக் கடந்து குடாநாட்டுக்குள் போகும் வழியைக் காக்க வேண்டியிருந்தது. சதுர மதில், எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளங்கள், அவ்வளவுதான். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அவர்கள் 1770இல் இதைப் பெருப்பித்தார்கள்.

அதே ஒல்லாந்தர் ஆட்சியில்தான் சோனகர்களும் செட்டிகளும் 'ஊழியம்' என்ற கட்டாய வேலைக்கு உட்படுத்தப்பட்டார்கள். அந்தக் கதையையும் இந்த மதிலடியில் நின்றே பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

ஆங்கிலேயர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கோட்டைக்குள் ஒரு வாடிவீடு கட்டினார்கள். துவக்கோடு காவல் நின்ற இடத்தில் பயணிகள் இளைப்பாறினார்கள்.

யுத்தத்தில் பூநகரி மறுபடியும் படைத்தளமானது. 1993 நவம்பரில் அந்தத் தளம் தாக்கப்பட்டது. 2008 நவம்பரில் பூநகரி மீண்டும் இராணுவத்தின் வசமானது. இதற்கிடையில் எத்தனை குடும்பங்கள் அலைந்தன! 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, நாச்சிக்குடா உட்பட இந்த மாவட்டத்து முஸ்லிம்களும் ஊரை விட்டுப் போனோம். 2008இல் நம் தமிழ் அயலவர்கள் கிழக்கே இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போனார்கள். இடம் யார் கைக்கு மாறினாலும் வீடு இழந்தது சனங்கள்தான்.

முன்பு சங்குப்பிட்டியில் 'பாதை' ஏறித்தான் கேரதீவுக்குப் போக வேண்டும். 2011 ஜனவரியில் பாலம் திறந்த பிறகு மன்னார்–யாழ்ப்பாணப் பயணம் பூநகரி வழியாகவே நடக்கிறது. இடிந்த மதில்தான், ஆனால் இன்று யாரும் இறங்கிப் பார்க்கலாம்.

முல்லைத்தீவுக் கோட்டையை நினைத்துப் பாருங்கள். 1803இல் பண்டாரவன்னியன் வென்ற கோட்டை அது. வீரக்கதை நம்மிடம் இருக்கிறது, காட்டுவதற்கு மதில் இல்லை. பூநகரிக்கும் அந்த நிலை வரக்கூடாது.

அடுத்த முறை அந்த வழியால் போகும்போது அரை மணித்தியாலம் நில்லுங்கள். பிள்ளைகளை இறக்கிக் காட்டுங்கள். கல்லைப் பெயர்க்கவோ சுவரில் பெயர் எழுதவோ விடாதீர்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், பாதை ஓடிய காலத்தையும் ஊரை விட்டுப் போன நாளையும் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கட்டியவர்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. நம் சனங்களின் கதையை நாம்தான் எழுத வேண்டும்.