பிணையச் சேமிப்பகம்

பிணையச் சேமிப்பகம் என்பது பல கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்வதற்காக ஒரு கணினி வலையமைப்பில் நேரடியாக இணைக்கப்படும் சேமிப்புக் கருவி ஆகும். ஒரு கணினியுடன் மட்டும் இணைக்கப்படும் வெளி வன்தட்டைப் போலன்றி, இதற்கெனத் தனிச் செயலி, நினைவகம், இயங்குதளம் ஆகியன உள்ளன. வீடுகளில் இது பெரும்பாலும் ஈத்தர்நெட் கம்பி மூலம் திசைவியுடன் இணைக்கப்படுகிறது.

நெறிமுறைகள்

கணினியும் சேமிப்பகமும் ஒரே கோப்புப் பகிர்வு நெறிமுறையைப் பயன்படுத்த வேண்டும். முதன்மையானவை இரண்டு:

* எசு.எம்.பி - 1980களில் ஐ.பி.எம் நிறுவனத்தில் உருவானது. பின்னர் மைக்ரோசாப்ட் இதனை விரிவாக்கியது.
* என்.எஃப்.எசு - சன் மைக்ரோசிசுடம்சு நிறுவனம் 1984 இல் உருவாக்கியது. யுனிக்சு வகை இயங்குதளங்களில் மிகுதியாகப் பயன்படுகிறது.

ஆசுத்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992 இல் வெளியிட்ட சாம்பா என்னும் கட்டற்ற மென்பொருள், யுனிக்சு, லினக்சு கணினிகளிலும் எசு.எம்.பி வழங்கியை இயக்க வழிசெய்தது. வீட்டுச் சேமிப்பகங்கள் பல லினக்சையும் சாம்பாவையும் கொண்டே இயங்குகின்றன.

இணைக்கும் முறை

1. திசைவியில் சேமிப்பகத்திற்கு மாறாத ஐ.பி முகவரி ஒன்று ஒதுக்கப்படுகிறது. முகவரி மாறினால் கணினியில் சேமித்த இணைப்பு செயற்படாது.
2. சேமிப்பகத்தில் பயனர் கணக்கும் பகிர்வுக் கோப்புறையும் உருவாக்கப்படுகின்றன.
3. விண்டோசில் \\192.168.1.20\படங்கள் என்பது போன்ற முகவரி உள்ளிடப்பட்டு, அக்கோப்புறைக்கு ஓர் இயக்கக எழுத்து தரப்படுகிறது. லினக்சில் அது ஒரு கோப்பகத்தில் ஏற்றப்படுகிறது.

வேகம்

நொடிக்கு 100 மெகாபிட்டு இணைப்பில் உச்ச அளவு நொடிக்கு 12.5 மெகாபைட்டு மட்டுமே. கிகாபிட்டு இணைப்பில் இது 125 மெகாபைட்டு. நடைமுறை வேகம் இவற்றிலும் குறைவாகவே இருக்கும்.

பாதுகாப்பு

எசு.எம்.பியின் முதற் பதிப்பை விண்டோசு கையாண்ட முறையிலிருந்த குறைபாட்டைப் பயன்படுத்தி, 2017 மே மாதம் வானாகிரை என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் பரவியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்த விண்டோசு 10 பதிப்பு முதல், புதிய நிறுவல்களில் அம்முதற் பதிப்பு பொதுவாக இடம்பெறுவதில்லை. இதனால் முதற் பதிப்பை மட்டும் அறிந்த பழைய சேமிப்பகங்களைப் புதிய கணினிகளால் அணுக முடிவதில்லை. முதற் பதிப்பை மீண்டும் இயக்குவதைவிடச் சேமிப்பகத்தின் நிலைபொருளை இற்றைப்படுத்துவதே பாதுகாப்பானது.

காப்புநகல்

இரு வன்தட்டுகளில் ஒரே தரவை எழுதும் ரெய்டு 1 முறை, ஒரு வன்தட்டு பழுதடைந்தாலும் தரவைக் காக்கும். ஆயினும் அது காப்புநகல் ஆகாது. பயனர் தவறுதலாக அழிக்கும் கோப்பு இரு தட்டுகளிலும் ஒருங்கே அழியும். கணினியைத் தாக்கும் பணயத் தீநிரல், அதில் இணைந்துள்ள பகிர்வுக் கோப்புறைகளையும் மறையாக்கம் செய்யக்கூடும். ஆகவே வலையமைப்பிலிருந்து துண்டித்து வைக்கப்படும் மற்றொரு வன்தட்டில் ஒரு நகல் இருத்தல் இன்றியமையாதது.