பாலின உறுதி அறுவை சிகிச்சைக்கான அயல்நாட்டுப் பயணம்

திருநங்கையரும் திருநம்பியரும் தம் பாலினத்துக்கு இசைய உடலைத் திருத்தி அமைத்துக்கொள்ள வேறு நாடு சென்று, அறுவை செய்துகொண்டு, சில வாரங்கள் அங்கேயே தங்கித் தேறித் திரும்புவது ஏறத்தாழ நூறாண்டுப் பழக்கம். பெர்லின், கோபன்ஹேகன், காசபிளாங்கா, பாங்காக் என ஊர்கள் மாறி வந்துள்ளன. காரணம் பெரிதாக மாறவில்லை. சொந்த நாட்டில் மருத்துவர் இல்லை. இருந்தால் சட்டமோ வழக்கமோ விடுவதில்லை. அவை விட்டாலும் காத்திருப்புப் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது, அல்லது செலவு கைக்கு எட்டுவதில்லை. அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன் பலன் பின்வரும் வாரங்களின் கவனிப்பில்தான் இருக்கிறது. எனவே தேறும் காலத்தை முதலில் கணக்கிட்டு, அதற்கேற்பப் பயண நாளைக் குறிப்பதே முறை.

தொடக்க காலம்

மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1919இல் பெர்லினில் பாலியல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கு வீட்டுவேலை பார்த்துவந்த டோரா ரிக்டருக்கு 1931இல் யோனி அமைக்கும் அறுவை நடந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் பாரிஸில் வாழ்ந்த டேனிஷ் ஓவியர் லிலி எல்பே இதற்காகவே ஜெர்மனிக்கு வந்தார். 1930இல் முதல் அறுவை பெர்லினிலும், அடுத்தவை டிரெஸ்டன் மகளிர் மருத்துவமனையில் குர்ட் வார்னெக்ரோஸ் கையாலும் நடந்தன. டென்மார்க் அரசு அவருக்குப் புதிய பெயரில் கடவுச்சீட்டும் வழங்கியது. இன்றைக்கும் பலருக்குக் கிட்டாத சலுகை அது. 1931 கோடையில் கருப்பை பொருத்த முயன்ற கடைசி அறுவைக்குப் பின் உடல் தேறவே இல்லை. செப்டம்பர் 13 அன்று டிரெஸ்டனிலேயே இறந்தார். அறுவை அரங்கிலிருந்து உயிருடன் வந்தவரைக் கொண்டுபோனது அதற்குப் பிந்திய மாதங்கள் என்பதை இத்துறையில் இருப்பவர்கள் மறக்கலாகாது. 1933 மே 6 அன்று நாஜி மாணவர் கும்பல் ஹிர்ஷ்ஃபெல்டின் நிறுவனத்தைச் சூறையாடியது. நான்கு நாள் கழித்து அதன் நூலகம் பொதுச் சதுக்கத்தில் எரிக்கப்பட்டது. ஐரோப்பாவில் சேர்ந்திருந்த மருத்துவ அனுபவத்தில் பெரும்பகுதி அத்துடன் சிதறிப்போயிற்று.

போருக்குப் பின் பயணத்தின் திசை கோபன்ஹேகனுக்குத் திரும்பியது. அமெரிக்கப் படையில் பணியாற்றிய கிறிஸ்டின் யார்கென்சன் 1950இல் கப்பலேறினார். நலமான உறுப்பை அகற்றினால் வழக்கு வரும் என்று அமெரிக்க மருத்துவர்கள் அஞ்சிய காலம். பெற்றோரின் பூர்வீகம் டென்மார்க் என்பதால் உறவினரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக் கிளம்புவது அவருக்கு எளிதாயிற்று. கிறிஸ்டியன் ஹாம்பர்கர் ஹார்மோன் சிகிச்சையை நடத்தினார். டென்மார்க் நீதியமைச்சின் அனுமதியோடு 1951இலும் 1952இலும் அறுவைகள் நடந்தன. 1952 டிசம்பர் 1 அன்று நியூயார்க் நாளேடு ஒன்று இதை முதல் பக்கத்தில் போட்டது. ஹாம்பர்கருக்கு உலகம் முழுவதிலிருந்தும் கடிதங்கள் குவிந்தன. அவற்றில் 465 பேரின் கடிதங்களை வைத்து 1953இல் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். அத்தனை பேரும் எங்காவது ஒரு கதவு திறக்காதா என்று கேட்டவர்கள். ஆனால் டென்மார்க் அயல்நாட்டவருக்குக் கதவை அடைத்துவிட்டது.

அந்தக் கதவைத் திறந்தவர் மொராக்கோவின் காசபிளாங்காவில் மருத்துவமனை நடத்திய பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் ஜார்ஜ் பூரு. ஆண்குறியின் தோலை உள்நோக்கித் திருப்பி யோனியின் சுவராக்கும் முறையை 1956இல் முதன்முதலாகச் செய்தார். பின்னர் உலகெங்கும் பரவிய முறைக்கு வேர் அதுவே. பாரிஸ் மேடைப் பாடகி கோக்சினெல் 1958இலும், ஆங்கிலேய மாடல் ஏப்ரல் ஆஷ்லி 1960இலும் அவரிடம் சென்றனர். 1972இல் சென்றவர் ஜான் மாரிஸ். 1953இல் எவரெஸ்ட் வெற்றிச் செய்தியை லண்டன் நாளேட்டுக்கு அனுப்பிய அதே நிருபர். மனைவியை மணவிலக்குச் செய்தால்தான் அறுவை என்று இங்கிலாந்து மருத்துவர்கள் நிபந்தனை விதித்தனர். மாரிஸ் அதை ஏற்கவில்லை. காசபிளாங்காவில் பூருவின் எண் தொலைபேசி அடைவிலேயே இருந்ததாகத் தம் நூலில் எழுதியிருக்கிறார். பூரு மனநலச் சான்று கேட்டதில்லை, கட்டணத்தை முன்கூட்டி வாங்கினார் என்ற குறை உண்டு. ஆனால் மற்றெல்லாரும் மறுத்தபோது அவர் மறுக்கவில்லை. 1973இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த கருத்தரங்கில் தம் முறையை விளக்கினார்.

ஆசியாவின் கணக்கில் தமிழர் ஒருவரின் பெயர் முன்னால் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்த பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம் 1971 ஜூலை 30 அன்று சிங்கப்பூர் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் அந்நாட்டின் முதல் பாலின அறுவையைச் செய்தார். 1973 முதல் அறுவை செய்துகொண்டோர் அடையாள அட்டையில் பாலினத்தை மாற்றிக்கொள்ளச் சிங்கப்பூர் அனுமதித்தது. 1983இல் சிங்கப்பூரின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையைப் பிறக்கச் செய்த குழுவின் தலைவரும் இவரே. அவரைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் இரண்டாவது சாதனைக்குக் கிடைக்கும் இடம் முதலாவதற்கும் கிடைக்க வேண்டும்.

தாய்லாந்து

தாய்லாந்தில் 1975இல் இந்த அறுவையைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் பிரீச்சா தியவ்திரானோன். இன்று அங்கு பணியாற்றும் பலர் அவரிடம் பயின்றவர்கள். 1997 நிதி நெருக்கடியில் பாட் மதிப்பு சரிந்ததும் தனியார் மருத்துவமனைகள் அயல்நாட்டு நோயாளிகளை நாடின. சோன்புரியில் சுபோன் வதன்யூசகுல், விதைப்பைத் தோலை உள்ளேயும் ஆண்குறித் தோலை இதழ்களுக்கும் பயன்படுத்தும் தனி முறையால் பெயர் பெற்றார். 2009இல் தாய்லாந்து மருத்துவக் கழகம் விதி வகுத்தது. 18 வயதுக்குக் கீழ் அறுவை இல்லை. 20 வயது நிரம்பாதோருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். மனநல மருத்துவர்களின் மதிப்பீடு கட்டாயம். வெளியிலிருந்து வருவோர் சொந்த ஊரில் வாங்கிய கடிதத்துடன், பாங்காக்கில் உள்ளூர் மனநல மருத்துவர் ஒருவரையும் பார்க்க வேண்டியிருக்கும். பயண அட்டவணையில் அதற்கு ஒரு நாளாவது ஒதுக்குவது நல்லது.

தாய்லாந்துக்கு அப்பால், திருநம்பியருக்கான அறுவைகளில் செர்பியாவின் பெல்கிரேடுக்குத் தனி இடம் உண்டு. சவா பெரோவிச்சும் பின்னர் மிரோஸ்லாவ் ஜோர்ஜெவிச்சும் அங்கு வளர்த்த முறைகளுக்காகப் பல நாட்டினர் செல்கின்றனர். முன்கைத் தோலைக் கொண்டு ஆண்குறி அமைக்கும் அறுவை மாதக்கணக்கான இடைவெளியில் பல கட்டமாக நடப்பது. ஒரே பயணத்தில் முடியும் என்று நம்பிப் பணம் சேர்ப்போர் ஏமாந்துபோவார்கள்.

பயணமும் தேறுதலும்

யோனி அமைப்பு அறுவைக்குத் தாய்லாந்து செல்வோர் வழக்கமாக மூன்று முதல் நான்கு வாரம் தங்குகிறார்கள். முதல் ஒரு வாரம் மருத்துவமனைப் படுக்கை. உள்ளே வைத்த துணிப்பொதியும் சிறுநீர்க் குழாயும் எடுக்கப்பட்ட பின் அருகிலுள்ள விடுதிக்கு மாறலாம். விடுதி அறை மருத்துவமனைக்கு நடக்கும் தூரத்திலோ சில நிமிட வண்டித் தூரத்திலோ இருக்க வேண்டும். மேற்கத்தியக் கழிப்பறை, லிஃப்ட், பூட்டக்கூடிய கதவு, தனிமை ஆகியவை ஆடம்பரமாகா.

அந்த அறையில்தான் டைலேட்டர் பயிற்சி தொடங்கும். வழவழப்பான பிளாஸ்டிக் கோல்கள் தடிமன் வாரியாக ஒரு பையில் தரப்படும். பக்கவாட்டில் ஆழத்தைக் காட்டும் புள்ளிகளோ கோடுகளோ இருக்கும். கால்களை மடக்கிப் படுத்து, ஜெல் தடவி, மெல்ல உள்ளே செலுத்தி, கோடு எங்கு நிற்கிறது என்று பார்த்து, அரைமணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். தொடக்க மாதங்களில் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை. ஓராண்டுக்குப் பின் இடைவெளி கூடும். விட்டுவிட்டால் பாதை சுருங்கும், பின்னர் மீட்பது கடினம். வேலைக்குத் திரும்பும் நாளைக் குறிக்கும்போது இந்த நேரத்தையும் கணக்கில் சேர்க்காதவர்கள் தவித்துப்போகிறார்கள்.

நீண்ட விமானப் பயணமும் அறுவையும் சேர்ந்தால் கால் சிரைகளில் இரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனும் அதைக் கூட்டக்கூடும் என்பதால், பல மருத்துவர்கள் அதைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். புகைப்பதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும், ஏனெனில் புதிதாய் ஒட்டிய தோலுக்கு இரத்தம் செல்வதை அது தடுக்கும். திரும்பும் விமானத்தில் நடைபாதை ஓர இருக்கை, இறுக்கக் காலுறை, வளைய மெத்தை, விமான நிலையத்தில் சக்கர நாற்காலி ஆகியவற்றை முன்பதிவின்போதே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். பெட்டியைத் தாமே தூக்கக் கூடாது. டைலேட்டரைக் கைப்பையில் எடுத்துவந்தால் சோதனைச் சாவடியில் கேள்வி வரும். மருத்துவர் கடிதம் அந்தச் சங்கடத்தைக் குறைக்கும்.

துணைக்கு ஒருவர் வருவதைச் செலவுக் கணக்கில் வெட்டக் கூடாது. அறுவைக்குப் பிந்திய வாரங்களில் அழுகையும் மனச்சோர்வும் வருவது இயல்பு. மொழி தெரியாத ஊரில் அது இரட்டிப்பாகும். தமிழ்நாட்டுத் திருநங்கையர் மரபில் அறுவை ஆனவரை 40 நாள் தனியே விடாமல் மூத்தவர்கள் பத்தியச் சாப்பாட்டோடு பார்த்துக்கொள்வதும், அதன்பின் சடங்கு செய்வதும் வழக்கம். மருத்துவமனை விலைப்பட்டியலில் கிடைக்காத கவனிப்பு அது.

பயணக் காப்பீடு திட்டமிட்ட அறுவையின் சிக்கலுக்குப் பெரும்பாலும் பணம் தராது. சீழ், சதை வளர்ச்சி, சிறுநீர்ப் பாதைச் சுருக்கம் வந்தால் கூடுதல் வாரங்கள் தங்கத் தனியே பணம் வைத்திருக்க வேண்டும். அறுவைக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதி வாங்கிவருவதும் அவசியம். இந்தியாவில் 2019இல் இயற்றப்பட்ட திருநர் பாதுகாப்புச் சட்டம், ஆவணத்தில் ஆண் அல்லது பெண் என மாற்ற, அறுவை நடந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளர் அல்லது தலைமை மருத்துவ அலுவலர் தரும் சான்றைக் குறிப்பிடுகிறது. கிளம்பும் முன் அதைக் கேட்டு வாங்காதவர் பின்னர் கடிதப் போக்குவரத்தில் மாதங்களை இழப்பார்.

இன்றைய நிலை

உலகத் திருநர் உடல்நல வல்லுநர் சங்கத்தின் எட்டாம் பதிப்பு நெறிமுறை 2022இல் வெளிவந்தது. முந்தைய பதிப்பு இரண்டு பரிந்துரைக் கடிதம் கேட்டது, இந்தப் பதிப்பு ஒன்று போதும் என்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இவ்வறுவை இலவசமாகவும் செய்யப்படுகிறது. எனினும் வசதியுள்ளவர்கள் பாங்காக் செல்வது தொடர்கிறது. திரும்பி வந்தபின் சிக்கல் என்றால் பார்க்கத் தெரிந்த உள்ளூர் மகளிர்நல மருத்துவரோ சிறுநீரியல் மருத்துவரோ கிடைப்பது அரிதாகவே இருப்பதால், அப்படி ஒருவரைப் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.