மன்னர்ஹைம், கார்ல் குஸ்தாவ் எமில் (1867–1951)

பின்லாந்தின் படைத்தலைவர், அந்நாட்டின் ஆறாவது குடியரசுத் தலைவர். பின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்த காலத்தில், 1867 ஜூன் 4 அன்று, சுவீடிய மொழி பேசும் பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். ஹமினா ராணுவப் பள்ளியிலிருந்து 1886இல் ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்டார். பிறகு பீட்டர்ஸ்பர்க் குதிரைப்படைப் பள்ளியில் பயின்று ஜார் மன்னரின் படையில் அதிகாரியானார். 1906 முதல் 1908 வரை, ஆய்வாளர் என்ற போர்வையில், மத்திய ஆசியாவிலிருந்து பீக்கிங் வரை குதிரையில் சென்று ரஷ்யாவுக்காக உளவு சேகரித்தார். வழியில் 13ஆம் தலாய் லாமாவைச் சந்தித்த அவர், பரிசாகக் கொடுத்தது தம் கைத்துப்பாக்கியை!

1917 புரட்சி ஜார் ஆட்சியைச் சாய்த்தபின் தாய்நாடு திரும்பினார். 1918 உள்நாட்டுப் போரில் அரசுத் தரப்பான வெள்ளைப் படைக்குத் தலைமையேற்று வென்றார். ஆனால் தோற்ற தொழிலாளர் தரப்பான செம்படையினரில் 12,000 பேருக்கு மேல் சிறைமுகாம்களில் பசியாலும் நோயாலும் மாண்டனர். தொழிலாளர் குடும்பங்கள் அவரை நெடுநாள் மன்னிக்கவில்லை. சில மாதங்கள் நாட்டின் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்தும், 1919 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஸ்டால்பெர்க்கிடம் தோற்றார்.

1939 நவம்பர் 30 அன்று சோவியத் படைகள் எல்லை தாண்டியபோது 72 வயது மன்னர்ஹைமே தலைமைத் தளபதி. அந்தக் குளிர்காலப் போரில் எதிரிக்குப் பேரிழப்பை உண்டாக்கியும், பின்லாந்து நிலம் இழந்தே சமாதானம் செய்தது. இழந்ததை மீட்க 1941இல் ஜெர்மனியோடு சேர்ந்து மீண்டும் போரில் இறங்கியது.

1944 கோடையில் சோவியத் படைகள் பெருந்தாக்குதல் தொடுக்க, நிலைமை முற்றிலும் மாறியது. தனித்துச் சமாதானம் பேசுவதில்லை என்று குடியரசுத் தலைவர் ரியூட்டி தம் சொந்தப் பெயரில் ஹிட்லருக்கு எழுதிக் கொடுத்து ஜெர்மன் ஆயுத உதவி பெற்றார். சோவியத் தாக்குதல் தணிந்ததும் பதவி விலகினார். ஆகஸ்ட் 4 அன்று நாடாளுமன்றம், தேர்தல் இன்றித் தனிச்சட்டம் இயற்றி மன்னர்ஹைமை அப்பதவியில் அமர்த்தியது. ஹெல்சிங்கி வந்த ஜெர்மன் தளபதி கைட்டலிடம், முன்னவர் தந்த வாக்கு தம்மைக் கட்டுப்படுத்தாது என்று கூறிவிட்டார் புதிய தலைவர். செப்டம்பர் 19 அன்று மாஸ்கோவில் போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தானது. அதன்படி, நேற்றுவரை தோழர்களாக இருந்த ஜெர்மானியரைப் பின்லாந்துப் படையே லாப்லாந்திலிருந்து விரட்ட வேண்டியதாயிற்று.

உடல்நலம் குன்றி 1946 மார்ச்சில் பதவி விலகினார். நாட்டைப் போருக்கு இழுத்ததாகத் தலைவர்கள்மீது தொடரப்பட்ட போர்ப் பொறுப்பு வழக்கில் ரியூட்டிக்கு 10 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மன்னர்ஹைம்மீது வழக்கே தொடரப்படவில்லை. 1951 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் காலமானார். ஹெல்சிங்கியின் ஹியெத்தானியெமி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.