தோஜிமா அரிசியும் மெழுகுவத்தி வரைபடமும்

பங்குச்சந்தைக்குப் புதிதாக வருவோர் முதலில் படிக்கப் பழகும் மெழுகுவத்தி வரைபடத்தின் பூர்விகம் பங்குகளில் அன்று, ஜப்பானிய அரிசி வணிகத்தில் தேடப்படுகிறது. ஒசாகாவின் தோஜிமாவில், கிடங்கிலிருந்த அரிசிக்குரிய சீட்டுகளும், பிற்பாடு கணக்குத் தீர்க்கப்படும் முன்பேர ஒப்பந்தங்களும் கைமாறிய சந்தைக்கு 1730இல், அன்று ஜப்பானை ஆண்ட தோக்குகவா அரசு அங்கீகாரம் அளித்தது. ஒரு நாளின் தொடக்க விலைக்கும் முடிவு விலைக்கும் இடைப்பட்ட பகுதி தடித்த உடலாகவும், அதற்கு அப்பால் விலை தொட்ட உச்சமும் தாழ்வும் மெல்லிய திரிகளாகவும் வரையப்படுவதே மெழுகுவத்தி வரைபட முறை. இதைச் சகாதா நகர அரிசி வணிகர் ஹொம்மா முனெஹிசா (1724–1803) உருவாக்கினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது; வணிகர் உலகம் மூலவர் ஒருவரை விரும்புவதில் வியப்பில்லை, எனினும் இன்றைய வடிவம் அவருக்குப் பிந்தைய மெய்ஜி காலத்தில்தான் உருப்பெற்றது எனக் கருதுவதே பொருத்தம். மேலை நாடுகளிலோ, 1991இல் ஸ்டீவ் நிசனின் நூல் வெளியான பிறகே இது பரவலாயிற்று.