எண்ணுக்கு உருவம் தந்த வியன்னா

விமான நிலையங்களின் வழிகாட்டிப் பலகைகளிலும் நாளிதழ்களின் புள்ளிவிவரப் படங்களிலும் இன்று காணப்படும் எளிய ஒற்றை நிற மனித உருவத்துக்குப் பின்னால் ஓர் அரசியல் வரலாறு உண்டு. முதல் உலகப் போரில் பேரரசை இழந்து, பசியும் வீட்டுப் பஞ்சமும் வாட்டிய வியன்னாவில், சமூக ஜனநாயகக் கட்சியின் நகராட்சி 1920களில் தொழிலாளர் குடியிருப்புகளையும் குழந்தைகள் நல நிலையங்களையும் எழுப்பியது. ‘சிவப்பு வியன்னா’ என்றழைக்கப்பட்ட அந்த ஆட்சிக் காலத்தில், நகரின் வரிப்பணம் எங்கே செல்கிறது, நோயும் இறப்பும் எந்தத் தெருக்களில் மிகுதி என்பதைப் பெரிய படிப்பு இல்லாத மக்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. இன்றைய வரைகலை வடிவமைப்பின் அடிப்படைக் கருத்துகளில் ஒன்று அங்கிருந்தே பிறந்தது.

அதற்கு வடிவம் கொடுத்தவர் ஓட்டோ நியூராத். 1882இல் வியன்னாவில் பிறந்த அவர் பொருளியலாளர். அனுபவமும் தருக்கமுமே அறிவின் அடித்தளம் என்று வாதிட்ட ‘வியன்னா வட்டம்’ என்னும் மெய்யியலாளர் குழுவின் முன்னணி உறுப்பினர். நகராட்சியின் ஆதரவோடு அவர் தொடங்கிய சமூகப் பொருளாதார அருங்காட்சியகம் 1925இல் இயங்கத் தொடங்கியது. பழம்பொருள் எதுவும் அங்கே இல்லை. வாடகை, கூலி, காசநோய், பிறப்பு, இறப்பு ஆகியவற்றைக் காட்டும் விளக்கப்படங்களே காட்சிப்பொருள்கள். வேலை முடிந்து வரும் தொழிலாளர் பார்க்க இயலாத அருங்காட்சியகத்தால் பயனில்லை என்று கருதிய நியூராத், மாலை நேரத்திலும் அது திறந்திருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

அவர் வகுத்த முதல் விதி எளிமையானது: அளவு கூடினால் உருவத்தைப் பெரிதாக்கக் கூடாது, அதே அளவுள்ள உருவத்தை மேலும் சில முறை வரிசையில் நிறுத்த வேண்டும். விளைச்சல் இருமடங்கானதைக் காட்ட ஒரு மூட்டையை இருமடங்கு உயரமாக வரைந்தால் அதன் அகலமும் இருமடங்காகிவிடும். எனவே பரப்பு நான்கு மடங்காகும், அதையே கன உருவமாகக் காணும் கண்ணுக்கோ எட்டு மடங்காகத் தோன்றும். இந்தப் பிழை கணக்கிலிருந்து வருவதன்று, வரைபவரின் கையிலிருந்து வருவது. ஆகவே அதைத் திருத்தும் கடமையும் வடிவமைப்புக்கே உரியதாயிற்று.

இவ்விதியின் ஆற்றலை இங்கிலாந்தின் நெசவைப் பற்றிய புகழ்பெற்ற விளக்கப்படத்தில் காணலாம். 1820 முதல் 1880 வரையிலான காலத்தை மேலிருந்து கீழாக அடுக்கும் அப்படத்தில், ஒவ்வொரு மனித உருவமும் 10,000 நெசவாளர்களைக் குறிக்கிறது. வீட்டில் நெய்வோர் ஒரு நிறத்திலும் ஆலையில் நெய்வோர் வேறு நிறத்திலும் நிற்க, உற்பத்தியான துணியின் அளவு அருகிலேயே வரிசையாக அடுக்கப்பட்டுள்ளது. கண் கீழே இறங்க இறங்க வீட்டு நெசவாளர் வரிசை தேய்ந்து மறைகிறது. துணியின் வரிசையோ நீண்டுகொண்டே போகிறது. ஒரு வாழ்முறை அழிந்த வரலாற்றை ஒரு வினைச்சொல்கூட இல்லாமல் சொல்லிவிடும் இப்படம், இந்த முறை எட்டிய உச்சங்களில் ஒன்று.

இத்தகைய படம் ஓவியரின் கற்பனையில் மட்டும் உருவாவதில்லை. புள்ளிவிவரத்தைத் தரும் அறிஞருக்கும் வரையும் கலைஞருக்கும் இடையே, எதைச் சொல்வது, எதை விடுவது, எதை எதனோடு ஒப்பிடுவது என்று முடிவுசெய்து முதல் பென்சில் வரைவைத் தயாரிக்கும் ‘உருமாற்றுநர்’ என்ற பணியை அந்த அருங்காட்சியகம் உருவாக்கியது. அப்பணியில் தலைசிறந்தவர், கணிதமும் இயற்பியலும் பயின்ற மரீ ரைடமைஸ்டர். கருத்தே முதலில், கோடு பிறகு என்று இன்றைய வடிவமைப்பு நிறுவனங்கள் கடைப்பிடிக்கும் வேலைமுறை அவருடைய மேசையிலேயே தெளிவான தொழிலாக உருப்பெற்றது எனலாம். நியூராத்தின் பெயர் பெற்ற புகழில் உரிய பங்கு இவருக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை.

உருவங்களுக்கு முகம் தராமலே உயிர் தந்தவர் ஜெர்மானியக் கலைஞர் கெர்ட் ஆர்ண்ட்ஸ். தொடக்கத்தில் வண்ணத் தாளைக் கத்தரித்து ஒட்டிய உருவங்களின் இடத்தில், லினோலியத் தகட்டில் செதுக்கி அச்சிடும் முறையை அவர் நிலைநிறுத்தினார். ஒரே தகட்டிலிருந்து எத்தனை முறை அச்சிட்டாலும் உருவம் மாறாது என்பதால், மீண்டும் மீண்டும் நிறுத்தும் விதிக்கு ஏற்ற கருவி அப்போதுதான் கிடைத்தது. அவர் உருவாக்கிய ஏறத்தாழ 4,000 குறிகளுள் வேலையற்ற தொழிலாளியின் குறி தனித்து நிற்பது. கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டு நிற்கும் அந்த மனிதனுக்குக் கண்ணுமில்லை வாயுமில்லை. எனினும் செய்ய வேலை இல்லாத கைகளின் கனம் அவ்வடிவிலேயே தெரிகிறது.

1934 பிப்ரவரியில் வலதுசாரி அரசு சமூக ஜனநாயகவாதிகளை ஒடுக்கியபோது குழுவினர் நெதர்லாந்தின் ஹேக் நகருக்குப் பெயர்ந்தனர். இந்தப் படமுறைக்கு ‘ஐசோடைப்’ என்ற பெயரை மரீ சூட்டியது அங்கேதான். 1940 மே மாதம் ஜெர்மானியப் படை அங்கும் நுழைய, ஓட்டோவும் மரீயும் ஒரு மீட்புப் படகில் கடலைக் கடந்து இங்கிலாந்தை அடைந்தனர். ஆர்ண்ட்ஸ் ஹேக்கிலேயே தங்கிவிட்டார். இங்கிலாந்து சென்ற இருவரும் காவலில் வைக்கப்பட்டு விடுதலையான பின் மணம் புரிந்துகொண்டு 1942இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஐசோடைப் நிறுவனத்தைத் தொடங்கினர். 1945 டிசம்பரில் நியூராத் மறைந்தார்.

இம்முறைக்கு ஒரு பெருங்குறையும் இருந்தது. உலக மக்களைக் கூம்புத் தொப்பி, தலைப்பாகை போன்ற அடையாளங்களால் பிரித்துக் காட்டிய பழைய குறிகள், எல்லோருக்கும் பொதுவான படமொழி என்ற அதன் குறிக்கோளுக்கே முரணாக, ஐரோப்பியரின் பார்வையைச் சுமந்திருந்தன. கணவரின் மறைவுக்குப் பிறகு நிறுவனத்தை நடத்திய மரீ, 1950களில் மேற்கு நைஜீரிய அரசுக்காகக் கல்வி, வேளாண்மை, சுகாதாரம் குறித்த வெளியீடுகளைத் தயாரித்தபோது, ஐரோப்பாவில் செதுக்கிய குறிகள் அங்கே அப்படியே செல்லாது என்பதை உணர்ந்து, அம்மக்களின் உடையையும் வீட்டையும் பயிரையும் கேட்டறிந்து குறிகளைப் புதிதாக வரையச் செய்தார். விதியில் மட்டும் அவர் கைவைக்கவில்லை: ஒவ்வோர் உருவமும் ஒரே அளவு, எண்ணிக்கை கூடினால் வரிசையில் இன்னொன்று.